19ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் குழந்தைப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 1840-களிலிருந்து 1900 வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டுடியோக்களில் எடுக்கப்பட்ட குழந்தைப் படங்களைப் பற்றியது. பழைய படம் ஒன்று கைக்கு வந்தவுடன் எல்லோரும் குழந்தையின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால், அந்தப் படம் எப்படி உருவானது என்பதற்கான தடயங்கள் பெரும்பாலும் அதன் ஓரங்களில்தான் கிடக்கின்றன. கீழே உள்ள பதில்கள் அந்தக் கோணத்திலிருந்து எழுதப்பட்டவை.

குழந்தைகளை ஸ்டுடியோவில் படமெடுப்பது எப்போது சாத்தியமாயிற்று?

1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் லூயி டாகேரின் முறை (டாகுரோடைப்) வெளியிடப்பட்டபோது, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதிவதற்கு நல்ல வெயிலிலேயே பல நிமிடங்கள் பிடித்தன. பெரியவர்களுக்கே பெரும்பாடாக இருந்த அந்த முறையில், உறங்கும் குழந்தையைத் தவிர வேறு எந்தக் குழந்தையையும் எடுத்திருக்க முடியாது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. யோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைக்க, 1840-இல் வியன்னாவில் ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய உருவப்பட லென்ஸ், அதற்கு முன்பிருந்த லென்ஸ்களைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது. தகட்டுக்கு அயோடின் ஆவியோடு புரோமின் ஆவியையும் காட்டினால் அது வெகு விரைவாக ஒளியை ஏற்கிறது என்பதும் கண்டறியப்பட்டது. 1841 மார்ச்சில் ரிச்சர்ட் பியர்ட் என்பவர் லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தின் மேல்மாடியில் ஸ்டுடியோ திறந்தபோது, வாடிக்கையாளர் உட்கார வேண்டிய நேரம் வெயிலைப் பொறுத்து நொடிக்கணக்குக்கோ ஓரிரு நிமிடங்களுக்கோ குறைந்திருந்தது.

குழந்தைகளின் கூட்டம் ஸ்டுடியோக்களுக்கு வரத் தொடங்கியது, 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிவித்த, கண்ணாடித் தகட்டில் பூசிய கரைசல் காய்வதற்குள் படமெடுக்கும் ஈரக் கொலோடியன் முறைக்குப் பிறகுதான். 1870-களின் கடைசி ஆண்டுகளில் ஜெலட்டின் பூசிய உலர்தகடுகள் கடைகளில் விற்பனைக்கு வந்தபோது, எக்ஸ்போஷர் நேரம் (தகட்டில் ஒளி பட வேண்டிய நேரம்) ஒரு நொடிக்கும் கீழே போய், ஓடியாடும் குழந்தையையும் படமெடுக்கலாம் என்ற நிலை வந்தது.

அக்காலத்தில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது என்கிறார்களே?

அது மிகைப்படுத்திய பேச்சு. ஈரக் கொலோடியன் காலத்தில் நல்ல வெளிச்சமுள்ள நாளில் சிறிய அளவுப் படத்துக்குச் சில நொடிகள் போதும். மேகமூட்டமான குளிர்கால நாளில் அது பத்து, பதினைந்து நொடிகளாக நீளும். ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்து நொடியே நீண்ட நேரம்தான்.

உண்மையான நெருக்கடி வேறோர் இடத்தில் இருந்தது. படம் பிடிப்பவர் கண்ணாடித் தகட்டின் நடுவில் கொலோடியன் கரைசலை ஊற்றி, நான்கு மூலைக்கும் வழியவிட்டு, மிச்சத்தைக் குப்பிக்குள் வடிப்பார்; பூச்சு பிசுபிசுப்பாக இறுகியதும் இருட்டறைக்குள் கொண்டுபோய் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் சில நிமிடங்கள் மூழ்கவைப்பார்; சொட்டச் சொட்ட எடுத்து ஒளி புகாத மரச் சட்டத்தில் பொருத்திக் காமிராவுக்குக் கொண்டுவருவார். அந்தத் தகடு காய்வதற்குள், அதாவது ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்குள், படத்தை எடுத்து முடித்து இருட்டறைக்குத் திரும்பி, இரும்பு சல்ஃபேட் கரைசலை ஊற்றி உருவத்தை வெளிக்கொணர்ந்தாக வேண்டும். தகடு தயாராகும்போது குழந்தை அழுதால் தகடு வீண். குழந்தை அடங்கியிருக்கும்போது தகடு தயாராக இல்லாவிட்டால் அந்த நல்ல நேரம் வீண். வெள்ளி நைட்ரேட் பட்டுக் கருத்துப்போன விரல்களோடு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வரும் ஒருவரைக் கண்டு குழந்தைகள் மிரண்டதில் வியப்பில்லை.

வெளிச்சம் முழுக்க முழுக்கச் சூரியனுடையது என்பதால், ஸ்டுடியோக்கள் கட்டடத்தின் உச்சியில், வடக்கு பார்த்த கண்ணாடிக் கூரையோடு அமைந்தன. குழந்தைகளைக் காலையிலோ நண்பகலை ஒட்டியோ அழைத்து வருமாறு விளம்பரங்களில் கேட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது. பகல் சாய்ந்தபின் வந்தால் வெளிச்சமும் குறைந்திருக்கும், குழந்தைக்கும் தூக்கம் வந்திருக்கும்.

குழந்தையை எப்படி அசையாமல் வைத்தார்கள்?

பல வழிகளில், சில சமயம் எல்லா வழிகளையும் சேர்த்து. குழந்தையின் இடுப்பைச் சுற்றி ஒரு துணிப்பட்டையைக் கட்டி நாற்காலியின் முதுகோடு பிணைத்துவிட்டு, மேலே சட்டையின் மடிப்பை இழுத்து விடுவது ஒன்று. நின்றுகொண்டிருக்கும் சற்றுப் பெரிய குழந்தைக்குக் கனமான இரும்பு அடித்தட்டுள்ள ஒரு தாங்கியைப் பின்னால் வைத்து, அதன் கவைமுள் போன்ற நுனியில் பிடரியைச் சாய்த்துக்கொள்ளச் சொல்வது இன்னொன்று. கையை மேசையின் விளிம்பிலோ நாற்காலியின் கைப்பிடியிலோ ஊன்றவைப்பதும் அதே நோக்கத்துக்காகத்தான். அழகான தோரணையாக நமக்குத் தெரிவதில் பாதி, ஆடாமல் இருப்பதற்கான முட்டுக்கொடுப்பே.

குழந்தையின் பார்வையை ஓரிடத்தில் நிறுத்த கிலுகிலுப்பை, சட்டைப்பைக் கடிகாரம், பொம்மை எல்லாம் பயன்பட்டன. நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ரப்பர் குமிழை அழுத்தினால் உள்ளிருக்கும் நீரின் வழியே காற்று போய்க் கீச்சிடும் பித்தளைக் குருவிகள் இதற்கென்றே விற்கப்பட்டன. ஷட்டரை நீண்ட ரப்பர் குழாயால் இயக்கும் வசதி வந்தபோது படம் பிடிப்பவர் காமிராவை விட்டு விலகி, குழந்தையின் அருகில் நின்று விளையாட்டுக் காட்டிக்கொண்டே கையிலிருந்த குமிழை அழுத்த முடிந்தது.

குழந்தைக்குப் பின்னால் துணியால் மூடப்பட்ட உருவம் தெரிகிறதே, அது யார்?

பெரும்பாலும் தாய், சில படங்களில் செவிலி, தகப்பன், அல்லது ஸ்டுடியோ உதவியாளர். சேகரிப்பாளர்கள் இவ்வகைப் படங்களை 'மறைந்திருக்கும் தாய்' என்று குறிப்பிடுகிறார்கள். கைக்குழந்தையைத் தனியாக உட்காரவைக்க முடியாது. மடியில் வைத்திருப்பவரோ படத்தில் வேண்டாம், குழந்தை மட்டும் வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டார்கள். ஆகவே அவர்மேல் ஒரு பூவேலைப்பாட்டு விரிப்பையோ கம்பளத்தையோ போர்த்தி நாற்காலிபோல ஆக்கிவிட்டு, அந்த 'நாற்காலி'யின்மேல் குழந்தையை உட்காரவைத்தார்கள். வேறு சில படங்களில் அவர் நாற்காலியின் பின்னால் குனிந்து ஒரு கையை மட்டும் நீட்டியிருப்பார்.

இன்று இவற்றைப் பார்த்தால் பேயுருவம்போல் தோன்றுவதற்கு ஒரு காரணம், நாம் இவற்றைச் சட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்கிறோம் என்பதுதான். நீள்வட்டத் துளையுள்ள அட்டையோ பித்தளை முகப்போ மேலே வைக்கப்பட்டபின் போர்வை மறைந்து குழந்தை மட்டும் தெரியும்; படம் பிடித்தவர் அந்தத் துளையை மனத்தில் வைத்தே தகட்டில் உருவத்தை அமைத்தார். இரும்புத் தகட்டில் எடுத்த மலிவான டின்டைப் படங்களில் முகப்பு பெரும்பாலும் ஒரு காகித உறைதான். அது கிழிந்து தொலைந்ததும் தாய் வெளிப்பட்டுவிட்டார். அமெரிக்கத் தென்பகுதிப் படங்களில் வெள்ளைக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் கறுப்பினச் செவிலியரைப் பலமுறை முழுமையாகவே காணலாம். ஆனால் படத்தின் பின்புறம் எழுதப்பட்டிருப்பது குழந்தையின் பெயராகவே இருக்கும்.

குழந்தைகள் ஏன் சிரிக்கவில்லை? சில படங்களில் முகம் மட்டும் கலங்கியிருப்பது ஏன்?

கலங்கிய முகத்துக்கு விடை எளிது: குழந்தை தலையைத் திருப்பிவிட்டது. கலங்கிய படத்தையும் பெற்றோர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

சிரிப்பைப் பொறுத்தவரை, நீண்ட எக்ஸ்போஷர் ஒரு பகுதிக் காரணமே. உலர்தகடு வந்து ஒரு நொடிக்குள் படம் முடிந்த 1880-களிலும் குழந்தைகள் இறுகிய முகத்தோடுதான் நிற்கிறார்கள். ஓவியத்திலிருந்து வந்த உருவப்பட மரபு கண்ணியமான அமைதியையே கேட்டது. பல்லைக் காட்டுவது ஒழுங்கின்மையாகக் கருதப்பட்டது.

அழும் குழந்தையின் படமோ அபூர்வம் என்பதால் பெரும் விற்பனை கண்டது. சார்லஸ் டார்வின் 1872-இல் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் முறைகளைப் பற்றி எழுதிய நூலில், லண்டன் புகைப்படக் கலைஞர் ஆஸ்கர் ரெய்லாண்டர் எடுத்த, வீறிட்டு அழும் குழந்தையின் படம் இடம்பெற்றது. அதன் பிரதிகளுக்கு மக்களிடம் அவ்வளவு கேட்பு இருந்தது. ஆனால் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியபடி, அந்தப் படம் நேரடியாகக் குழந்தையை எடுத்ததன்று. புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டிய ஒரு சித்திரத்தை மறுபடி படமெடுத்தது. கண நேரத்தில் மாறும் முகபாவத்தைக் கொலோடியன் தகடு தெளிவாகப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

குழந்தையின் காலுக்குப் பின்னால் இரும்புத் தாங்கி தெரிந்தால், அது இறந்த குழந்தையின் படமா?

இல்லை. இணையத்தில் மிகுதியாகச் சுற்றும் தவறான செய்தி இது. தாங்கி தெரிகிறது என்றால் குழந்தை உயிரோடு, சொந்தக் காலில் நின்றது என்றே பொருள். அந்தத் தாங்கி தலை ஆடாமல் இருக்க உதவும் ஒரு முட்டு. தளர்ந்த உடலை நிமிர்த்தி நிறுத்தும் வலு அதற்கில்லை. வெளிறிய கண்களும் சான்றாகா: அக்காலத் தகடுகள் நீல நிறத்தை வெண்மையாகப் பதிந்ததால், நீலக் கண்ணுள்ள குழந்தைகள் எல்லோருக்குமே கண்மணி வெளிறித் தெரியும்.

இறந்த குழந்தைகளைப் படமெடுக்கும் வழக்கம் மெய்யாகவே இருந்தது. அதற்கான காரணமும் துயரமானது. நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 பேர் ஒரு வயதுக்குள் இறந்தனர். குழந்தையின் உருவம் ஒன்றுகூட வீட்டில் இல்லாத நிலையில், பெற்றோர் படம் பிடிப்பவரை அழைத்தார்கள். ஆனால் அப்படிப்பட்ட படங்களில் குழந்தை கட்டிலிலோ சோபாவிலோ தாயின் மடியிலோ உறங்குவதுபோலக் கிடத்தப்பட்டிருக்கும். பூக்களோ விருப்பமான பொம்மையோ அருகில் இருக்கும். பாஸ்டனின் புகழ்பெற்ற சவுத்வொர்த் அண்ட் ஹாவ்ஸ் ஸ்டுடியோ இத்தகைய டாகுரோடைப் படங்களை எடுத்திருக்கிறது. உயிரோடு இருந்த குழந்தைகளின் படங்களை 'இறந்தவர் படம்' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்போர் இன்றும் இருக்கிறார்கள். வாங்குபவர்கள் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

கவுன் அணிந்திருக்கும் குழந்தை ஆணா, பெண்ணா?

கவுனை வைத்து முடிவு செய்ய இயலாது. நான்கு முதல் ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு நாளில் கால்சட்டை போடும்வரை ஆண் குழந்தைகளும் கவுன்தான் அணிந்தார்கள். ஆண் குழந்தைக்குப் பக்கவாட்டிலும் பெண் குழந்தைக்கு நடுவிலும் வகிடு எடுப்பது பரவலான வழக்கம் என்பதால், வகிடு ஓரளவு நம்பகமான குறிப்பு. சாட்டை, வளையம், முரசு போன்ற விளையாட்டுப் பொருள்களும் உதவும். ஆனால் அவை குழந்தையுடையவையாக இல்லாமல், ஸ்டுடியோவின் சாமான்களாகவும் இருக்கலாம். டாகுரோடைப், டின்டைப் படங்கள் பெரும்பாலும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறியவை என்பதை மறந்துவிடக் கூடாது. இடப்பக்க வகிடு அதில் வலப்பக்கமாகத் தெரியும்.

உடையின் நிறங்களை ஊகிக்கலாமா?

எச்சரிக்கையோடு மட்டும். நீலம், ஊதா ஆகிய ஒளிகளுக்கே தகடுகள் இசைந்ததால் நீலக் கவுன் வெள்ளையாகவும், மஞ்சளும் சிவப்பும் கருமையாகவும் பதியும். கருப்புடை அணிந்த குழந்தை துக்கத்தில் இருக்கிறது என்று எழுதப்பட்ட பல விளக்கக் குறிப்புகளில், அந்த உடை செக்கச் சிவப்பாக இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. கன்னத்தில் தெரியும் ரோஜா நிறமும் சங்கிலியில் மின்னும் பொன்னும் படத்தை எடுத்தபின் தூரிகையால் ஏற்றப்பட்டவை.

இப்படங்கள் பணக்காரர்களுக்கு மட்டும் உரியவையாக இருந்தனவா?

தொடக்கத்தில் அப்படித்தான். அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் பாரிஸைச் சேர்ந்த ஆந்த்ரே டிஸ்டேரி. 1854-இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில், ஒரே தகட்டில் எட்டுச் சிறு படங்களை எடுத்து, முட்டையின் வெண்கரு பூசிய ஆல்புமின் தாளில் ஒரே முறையில் அச்சிட்டு, வெட்டி, 64 × 100 மில்லிமீட்டர் அட்டைகளில் ஒட்டிவிடலாம். கார்ட் டி விசிட் எனப்பட்ட இந்த அட்டைகள் 1860 வாக்கில் ஐரோப்பா, அமெரிக்கா முழுவதும் பரவின; குழந்தையின் படத்தை டஜன் கணக்கில் எடுத்து உறவினருக்குத் தபாலில் அனுப்பும் பழக்கம் அப்போது தொடங்கியதுதான். அமெரிக்காவில் இரும்புத் தகட்டில் எடுக்கப்பட்ட டின்டைப் அதைவிட மலிவு. சில நிமிடங்களில் படம் கைக்கு வந்துவிடும்.

அரண்மனைக்கும் ஸ்டுடியோவின் சிக்கல்கள் உண்டு. 1852 ஜனவரி 17 அன்று வில்லியம் கில்பர்ன் எடுத்த டாகுரோடைப் படத்தில், விக்டோரியா அரசியோடு உட்கார்ந்த அவருடைய பிள்ளைகளில் ஐவரும் நன்றாக அமைந்துவிட்டார்கள். ஆடாமல் இருந்திருக்க வேண்டிய அரசியின் கண்கள்தான் மூடியிருந்தன. தகட்டில் தம்முடைய முகத்தை மட்டும் அவர் சுரண்டி அழித்துவிட்டுப் பிள்ளைகளின் உருவங்களை அப்படியே விட்டார். அந்தத் தகடு இன்றும் அரச சேகரிப்பில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து எடுத்த அடுத்த படத்தில், அகன்ற தொப்பி அணிந்து பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.

போரில் இறந்த ஒருவரை, அவர் வைத்திருந்த குழந்தைப் படத்தைக் கொண்டு அடையாளம் கண்டார்களாமே?

உண்மைதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின், பெயர் தெரியாத ஒரு வடதரப்புப் படைவீரரின் உடலோடு மூன்று குழந்தைகளின் அம்புரோடைப் (கண்ணாடித் தகட்டுப்) படம் கிடைத்தது. ஜான் பிரான்சிஸ் பர்ன்ஸ் என்ற பிலடெல்பியா மருத்துவர் அதைப் பெற்றுக்கொண்டு, குடும்பத்தைத் தேடத் தொடங்கினார். அன்றைய செய்தித்தாள்களில் புகைப்படத்தை அச்சிட வழியில்லை. ஆகவே, அக்டோபர் 19 அன்று பிலடெல்பியா இன்குவயரர் பத்திரிகை படத்தைச் சொற்களாலேயே வருணித்தது: உயர்ந்த நாற்காலியில் நடுவே கடைக்குட்டிச் சிறுவன், இருபுறமும் அண்ணனும் அக்காளும், மூத்தவனின் சட்டையும் சிறுமியின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை.

அந்த வருணனை பிற பத்திரிகைகளிலும் மறுபடி வெளியாகி, நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் ஊரில் இருந்த பிலிண்டா ஹியூமிஸ்டன் கண்ணில் பட்டது. தாம் கணவர் ஏமஸுக்கு அனுப்பிய படத்தைப் போலிருக்கிறதே என்று எண்ணி அவர் எழுதிக் கேட்க, கார்ட் டி விசிட் பிரதி ஒன்று அனுப்பப்பட்டது. தாம் கைம்பெண் ஆகிவிட்டதை அவர் அப்படித்தான் அறிந்துகொண்டார். ஒரே துணியில் வெட்டித் தைத்த இரண்டு உடைகள் அந்தக் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தன எனலாம். குழந்தைகளின் படப் பிரதிகளை விற்றுத் திரட்டிய நிதியின் துணையோடு 1866-இல் கெட்டிஸ்பர்க்கில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவில்லம் திறக்கப்பட்டது. குழந்தைகள் அங்கே கொடுமைப்படுத்தப்பட்டது வெளியானபின், 1877-இல் அது மூடப்பட்டது.

ஸ்டுடியோ படம் காட்டுவதை அப்படியே நம்பலாமா?

நம்புவதற்கு முன், அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டும். லண்டனில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ, 1874 முதல் தம் இல்லத்துக்கு வந்த குழந்தைகளைப் படமெடுக்க ஏற்பாடு செய்தார். வந்தபோது கந்தலில், பின்னர் சீருடையில் என இரண்டிரண்டு படங்களாக அச்சிட்ட அட்டைகள் நிதி திரட்ட விற்கப்பட்டன. கந்தல் உடைகளும் தோரணைகளும் செயற்கையாக அமைக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டு எழுந்து, 1877-இல் நடுவர் விசாரணை நடந்தது. இல்லத்தின் பணியை ஏற்றுக்கொண்ட நடுவர்கள், இந்த ஜோடனையைக் கண்டித்தார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, நியூ ஆர்லியன்ஸில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஐந்து குழந்தைகளையும் மூன்று பெரியவர்களையும் 1863-இன் இறுதியில் வடக்கே அழைத்து வந்து, நியூயார்க், பிலடெல்பியா ஸ்டுடியோக்களில் படமெடுத்து, லூசியானாவில் கறுப்பின மக்களுக்கான பள்ளிகளுக்கு நிதி சேர்த்தார்கள். அதிகமாக எடுக்கப்பட்டவர்கள் வெள்ளையராகவே தோற்றமளித்த குழந்தைகள். பட்டுடை உடுத்தி, தேசியக் கொடியால் போர்த்தி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைப் போலவே நிறுத்தப்பட்டார்கள். நோக்கம் நல்லதே. ஆயினும், கறுத்த குழந்தையைவிட வெளுத்த குழந்தைக்குத்தான் வாங்குபவரின் மனம் இளகும் என்ற கணக்கும் அந்த அட்டைகளில் பதிந்திருக்கிறது.

ஜூலியா மார்கரெட் கேமரூன் எடுத்த குழந்தைப் படங்கள் ஏன் மாறுபட்டுத் தெரிகின்றன?

அவர் கூலிக்குப் படமெடுத்த ஸ்டுடியோக்காரர் அல்லர். கல்கத்தாவில் பிறந்த அவருக்கு 48 வயதில்தான் காமிரா கிடைத்தது. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டின் கோழிக்கூண்டைக் கண்ணாடி அறையாக்கிக்கொண்டு, பெரிய தகடுகளில், கூர்மையற்ற குவியத்தில், முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தார். 1864 ஜனவரியில் எடுத்த ஆனி என்ற சிறுமியின் படத்தையே தம் முதல் வெற்றி என்று குறித்துவைத்தார். தலைத்தாங்கியும் பூந்தொட்டியும் தீட்டிய திரையும் அவர் படங்களில் இல்லை. ஆனால் குழந்தைகள் அன்னச் சிறகைக் கட்டிக்கொண்டு தேவதையாக நிற்க வேண்டியிருந்தது. 1875-இல் இலங்கைக்குக் குடியேறி, அங்கும் உள்ளூர் மக்களைப் படமெடுத்து, 1879-இல் மலைநாட்டில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

என்னிடம் ஒரு பழைய படம் இருக்கிறது. வகையையும் காலத்தையும் எப்படிக் கணிப்பது?

கையில் சாய்த்துப் பார்க்கும்போது கண்ணாடிபோல் பளபளத்து, ஒரு கோணத்தில் நெகட்டிவாக மாறினால் அது டாகுரோடைப். பெரும்பாலும் 1840-கள், 1850-களைச் சேர்ந்தது. கண்ணாடியின் பின்னால் கருப்புப் பூச்சோ துணியோ இருந்தால் அம்புரோடைப். 1854-க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகள். காந்தம் ஒட்டினால் டின்டைப்; இது 1856-க்குப் பின் நூற்றாண்டைக் கடந்தும் நீடித்ததால் காலத்தைச் சொல்ல உடையையும் உறையையும்தான் பார்க்க வேண்டும். மெல்லிய தாள் அட்டையில் ஒட்டப்பட்டு மஞ்சள் பழுப்பாக இருந்தால் ஆல்புமின்; அட்டை 108 × 165 மில்லிமீட்டர் என்றால் அது 1866-க்குப் பின் வந்த கேபினெட் கார்டு. அமெரிக்க அட்டையின் பின்புறம் வரி வில்லை ஒட்டியிருந்தால், காலத்தைச் சரியாகக் கணிக்கலாம்: அந்த வரி 1864 முதல் 1866 ஆகஸ்ட் வரை மட்டுமே இருந்தது, வில்லையின் மதிப்பு படத்தின் விலைக்கேற்ப மாறும்.

டாகுரோடைப்பின் பரப்பைத் துணியால் துடைக்கவே கூடாது. ஒரே துடைப்பில் முகம் போய்விடும்; மேல் கண்ணாடி மங்கியிருந்தால் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடித் தகடுகளையும் தாள் படங்களையும் அமிலமற்ற உறையில், ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். ஸ்கேன் செய்யும்போது நீள்வட்ட முகப்புக்குள் இருப்பதை மட்டும் வெட்டி எடுக்காமல், அட்டையின் நான்கு ஓரங்களையும் பின்புறத்தையும் சேர்த்து எடுத்துவையுங்கள்.